சிங்கத்துக்கு எதிரே பீரங்கி

செப்டம்பர் 3, செவ்வாய்

எதிர்வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் சிமென்ட் சிங்கம் மழைக்கு முன்னால் இறக்கப்படும். சொன்னவர் வீட்டுக்காரர் சுகிர்தம். இன்று காலை, பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டில் நின்றபடி சொன்னார். வேறு யாரிடமும் கேட்டு உறுதி செய்யத் தேவையில்லை.

"மூக்குல விரிசல் விட்டுட்டு, அண்ணாச்சி. உள்ள இருக்கிற கம்பி துருப்பிடிச்சு வெளிய தெரியுது. ரோட்டுல போறவங்க தலையில விழுந்தா யாரு பதில் சொல்லுதது?"

அவசரப்பட வேண்டாம் என்றேன்.

"எங்க சிங்கம் போயிட்டா உங்க பீரங்கிக்கு வேலை இல்லாமப் போயிருமேன்னு பாக்கீயளா?"

இந்தக் கேள்விக்குப் பின்னணி உண்டு. பத்திரிகையை விட்டு வந்த பிறகும் பின்னணி எழுதும் பழக்கம் என்னை விடவில்லை.

எதிர்வீட்டை 1962இல் கட்டியவர் சுகிர்தத்தின் அப்பா, தலைமையாசிரியர் யேசுவடியான். அந்தக் காலத்தில் பாளையங்கோட்டையில் வீடு கட்டியவர்கள் முகப்பில் சிமென்ட்டில் ஏதாவது ஒன்றை உட்கார வைத்தார்கள். அவர் சிங்கத்தை உட்கார வைத்தார். அதன் பிளந்த வாய் எங்கள் வாசலைப் பார்த்தது. கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்த என் அப்பா தானியேல், "நாம வேதக்காரங்க, நமக்குத் திருஷ்டி கிருஷ்டி கிடையாது" என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னார். அடுத்த வருடம் எங்கள் கைப்பிடிச் சுவரில், சிங்கத்தின் வாய்க்கு நேராக, சிமென்ட்டில் ஒரு பீரங்கி வைத்தார். கேட்டவர்களிடம் அழகுக்கு என்றார். எனக்கு ஆறு வயது. குண்டு எப்போது வரும் என்று கேட்டு அடி வாங்கினேன்.

அப்பாக்கள் இருவரும் கோயிலில் முன்பின் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். சாகும்வரை பேசிக்கொள்ளவில்லை. ஆமென் மட்டும் சேர்ந்து சொன்னார்கள்.

சுகிர்தம் திருச்சியில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகி ஒன்பது வருடம். ஜூனில் இங்கே வந்தார். வீடு அவருக்கும் ஓசூரில் இருக்கும் அக்கா எஸ்தருக்கும் பொது. விற்பதா, தானே இருந்துகொள்வதா என்று அக்டோபருக்குள் அக்காவிடம் சொல்லியாக வேண்டும். விற்றால் இவரும் ஓசூர் போய்விடுவார்.

தெருவின் நலன் கருதி இதைக் கவனித்து வருகிறேன்.

செப்டம்பர் 4, புதன்

தலைக்கு மை பூசினேன். காரணம், தலை நரைத்திருந்தது.

செப்டம்பர் 5, வியாழன்

பேச்சியம்மாள் காலையில் என் வீட்டில் சமைத்து வைத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் பாத்திரம் கழுவப் போவார். ஆகவே இரண்டு வீட்டுச் செய்தியும் அவர் வழியாகத்தான் தெருவைக் கடக்கிறது. இன்று சட்னியை இறக்கி வைத்துவிட்டு என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"எதிர்த்த வீட்டம்மா கேட்டாவ, அண்ணாச்சி தலையில மையைக் கொட்டிட்டாவளான்னு."

"நீ என்ன சொன்னே?"

"எழுதுத ஆளுல்லா, பேனா ஒழுகியிருக்கும்னேன்."

சட்னியில் உப்பு குறைவு. அவரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 7, சனி

சிங்கத்தை இறக்கக் கூடாது என்று வாயால் சொல்வதைவிட, ஊரில் மிச்சமிருக்கும் இதன் கூட்டாளிகளைக் காட்டுவது மேல் என்று தோன்றியது. சுகிர்தத்தை அழைத்தேன். குடையுடன் வந்தார். வெயில் இல்லை. குடையை விரிக்கவுமில்லை. ஆனால் கடைசி வரை எங்கள் இருவருக்கும் நடுவில் அது நடந்து வந்தது.

பார்த்தவை: நான்கு தெரு தள்ளி ஒரு மாடிப்படிச் சுவர் முழுக்கப் பூப்பூவாகத் துளைவிட்ட ஜாலி. வெளியே நிற்பவருக்கு உள்ளே தெரியாது. உள்ளே படியில் உட்கார்ந்தவருக்குத் தெரு முழுதும் தெரியும். அதற்கு அடுத்த தெருவில், மூலையில் உடையாமல் வளைந்து திரும்பும் சன்ஷேடு. அதன் விளிம்பில் மூன்று கோடுகள், சட்டைக் கையில் தைத்த பட்டை போல. ஒரு வீட்டு நெற்றியில் சிமென்ட் ரேடியோ, திருகு இரண்டும் சேதமில்லை. இன்னொரு வீட்டில் தாமரை. தாமரைக்குக் கீழே வீடு கட்டிய ஆண்டு இருந்தது, அதை இப்போது ஏசி பெட்டி மறைக்கிறது. கழுத்து ஒடிந்த அன்னம் ஒன்றை யாரோ சிமென்ட் பூசி ஒட்டியிருந்தார்கள்.

"அன்னமா இது? வாத்துல்லா" என்றார்.

கடைசியாக ஆகாய விமானம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மூக்கை உயர்த்தி நிற்கிறது. அதைக் கட்டியவர் பக்கத்திலிருக்கும் மணியாச்சியைத் தாண்டி ரயிலில்கூடப் போகாதவர் என்று சொன்னேன்.

"போகாதவருக்குத்தானே விமானம் வேணும். போயிட்டு வந்தவரு எதுக்குக் கட்டப் போறாரு?"

இதைக் குறித்துக்கொண்டேன். முப்பத்தாறு வருடம் இந்த ஊரில் செய்தி சேகரித்தும் எனக்கு இது தோன்றியதில்லை.

"இதையெல்லாம் இப்ப யாரு அண்ணாந்து பாக்கா, அண்ணாச்சி?" என்று திரும்பும்போது கேட்டார்.

"நாம பாக்கோமே."

அவர் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். சுகிர்தம் எனக்கு முந்தின பெஞ்சு, நீலக் கரை வைத்த வெள்ளைச் சேலை. பிரசங்கம் நாற்பது நிமிடம். எதைப் பற்றி என்று நினைவில்லை.

செப்டம்பர் 11, புதன்

கொத்தனார் இசக்கிமுத்து சிங்கத்தைப் பார்க்க வந்தார். ஒரு நடுநிலையாளர் இருப்பது நல்லது என்று நானும் எதிர்வீட்டு மாடிக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் முறை. அறுபத்தேழு வயதில் பதினாறடித் தெருவைக் கடந்திருக்கிறேன்.

இசக்கிமுத்து சிங்கத்தின் தாடையைக் கரண்டிக் காம்பால் தட்டினார். "உள்ள பொள்ளலா சத்தம் கேக்கு, அம்மா. தண்ணி எறங்கியிருக்கு. பூசித் தாரேன், ரெண்டு மழைக்குத் தாங்கும். மூணாவது மழைக்கு என்னத் தேடாதிய" என்றார். காபி குடித்துவிட்டுப் போனார்.

சுகிர்தம் சிங்கத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வந்து நின்னு பாருங்க."

நின்று பார்த்தேன். எங்கள் பீரங்கியின் வாயை நான் நேராகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. எங்கள் மாடியிலிருந்து அதன் பின்பக்கம் மட்டுமே தெரியும். அப்பா அதன் முதுகைத் தட்டி, "ஒரு நூல் பிசகாது" என்று சொல்வார். அது சிங்கத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு முழம் விலகி, கீழே இருக்கும் அடுக்களை ஜன்னலைக் குறி வைத்திருந்தது.

"அறுபது வருஷமா எங்கம்மா தோசை சுடுததைத்தான் உங்க அப்பா குறி வச்சிருக்காவ" என்றார் சுகிர்தம்.

"யாராவது சொல்லியிருக்கலாமே."

"பேச்சு இருந்தாத்தானே சொல்லுததுக்கு?"

அவர் சிரிக்க ஆரம்பித்து, முடியாமல், சிங்கத்தின் பிடரியைப் பிடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன். கோர்ட் சிரஸ்தாரின் மகன் தெருவுக்குத் தெரியும்படி மாடியில் நின்று இப்படிச் சிரித்ததற்கு முன்னுதாரணம் இல்லை.

இன்னொன்று. மாடியில் இருந்த நேரம் முழுவதும் அவர் என்னை அண்ணாச்சி என்று அழைக்கவில்லை. வேறு எப்படியும் அழைக்கவில்லை. காரணம் தெரியவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

நான் வேலை பார்த்த பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் என் கட்டுரை வந்தது. பாளையங்கோட்டை வீடுகளின் சிமென்ட் வேலைப்பாடுகளைப் பற்றி அரைப் பக்கம். ரேடியோ, விமானம், ஜாலி எல்லாம் உண்டு. படம் மட்டும் சிங்கத்துடையது. இப்படியொரு சிங்கம் இறக்கப்பட்டால் ஊருக்கே இழப்பு என்று அதன் எதிர்வீட்டுக்காரர் ஒருவர் கூறியதாகவும் எழுதியிருந்தேன். ஊரே சொன்னால் சுகிர்தம் கேட்பார், சிங்கம் நிற்கும், சிங்கம் நின்றால் வீடு நிற்கும் என்பது கணக்கு.

கோயில் விட்டு வரும்போது பிடித்துக்கொண்டார்.

"அந்த எதிர்வீட்டுக்காரர் யாரு? ரொம்ப உருகியிருக்காரு."

"பெயர் சொல்ல விரும்பாதவங்க பெயரை வெளியிடுறது வழக்கமில்லை."

"பாத்தா நல்ல மனுஷன் மாதிரி தெரியுது. ஒரு நாள் காபிக்கு வரச் சொல்லுங்க."

இன்றும் அண்ணாச்சி இல்லை. இன்று வெயிலும் இல்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

கட்டுரைக்கு நல்ல வரவேற்பு. கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து சிங்கத்துக்குக் கீழே நின்று படம் எடுத்தார்கள். ஒருவன் சிங்கத்தைப் போல வாயைப் பிளந்தான். பீரங்கியை யாரும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

செய்தி கொண்டுவந்தவர் பேச்சியம்மாள். எதிர்வீட்டை விலைக்குக் கேட்டு ஓர் ஆள் வந்திருக்கிறார். மார்த்தாண்டத்துக்காரர், மூன்று ஊரில் பேக்கரி வைத்திருக்கிறார். பத்திரிகையில் சிங்கத்தின் படத்தைப் பார்த்திருக்கிறார். சிங்கத்தைச் செப்பனிட்டு, தங்கக் கலர் அடித்து, கீழே லயன் பேக்கரி என்று பெயர் போடுவாராம். சிங்கம் இருப்பதால்தான் இந்த வீடு. சிங்கம் இல்லையென்றால் இந்த வீடே வேண்டாமாம்.

"ஓசூர் அக்காகிட்ட போன்ல பேசுனாவ. அந்தம்மாவுக்கு ரொம்பச் சந்தோசம் போல, இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்றார் பேச்சியம்மாள். பிறகு என் டம்ளரைப் பார்த்தார். "காபி ஆறுது, ஐயா."

"நீ போய் வேலையைப் பாரு."

"நான் பாக்குதேன். நீங்கதான் நல்லாருந்த வேலையைப் பத்திரிகையில போட்டுட்டு உக்காந்திருக்கீய."

காபியைக் குடித்தேன், ஆறித்தான் போயிருந்தது.

செப்டம்பர் 22, ஞாயிறு

மாலை சுகிர்தமே வந்தார். என் வீட்டுக்குள் அவர் வருவது இது முதல் முறை. காலமான என் மனைவி கிளாடிஸின் படத்துக்கு முன்னால் சிறிது நேரம் நின்றார். "சிரிச்ச முகம்" என்றார். ஆமாம் என்றேன். பதினொரு வருடமாக அந்தப் படத்துக்கு முன் நின்றவர்கள் எல்லோரும் உச்சுக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். சிரித்த முகம் என்று யாரும் சொன்னதில்லை.

உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தார். பேக்கரிக்காரர் வரும் வெள்ளிக்கிழமை முன்பணத்தோடு வருகிறார். அக்காவுக்குச் சம்மதம்.

"நீங்க எழுதுனதாலதான் வந்தாரு. சிங்கத்துக்கு இனி ஆபத்து இல்ல. உங்களுக்குத் திருப்திதானே?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேசாமல் இருப்பது எங்கள் தொழிலில் நல்ல உத்தி. தொலைபேசித் துறையிலும் அதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தெரியாது.

"நல்ல செய்தி" என்றேன்.

"அப்படியா." சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "சரி, வாரேன், அண்ணாச்சி."

பதினொரு நாளாக வராத வார்த்தை. வாசல்வரை போய்விட்டு வந்தேன். பிறகு மறுபடி வாசல்வரை போய்விட்டு வந்தேன்.

செப்டம்பர் 23, திங்கள்

குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை. சாப்பாடு அப்படியே இருப்பதாகப் பேச்சியம்மாள் எதிர்வீட்டில் தகவல் கொடுத்திருக்கிறார். நான் கொடுக்கச் சொல்லவில்லை.

செப்டம்பர் 25, புதன்

அச்சான செய்தியில் தவறு இருந்தால் திருத்தம் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. பெரும்பாலும் யாராவது சண்டைக்கு வரும்வரை போடுவதில்லை.

காலை பத்தரைக்கு எதிர்வீட்டுக் கேட்டைத் திறந்தேன். சுகிர்தம் வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பேச்சியம்மாள் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் பேச ஆரம்பித்ததும் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"கட்டுரையில ஒரு தப்பு இருக்கு" என்றேன்.

"ரேடியோவுக்குத் திருகு மூணா?"

"அது இல்ல. எதிர்வீட்டுக்காரர் சொன்னதா ஒரு வரி இருக்கே. சிங்கம் போனா ஊருக்கு இழப்புன்னு. அவர் அப்படிச் சொல்லல."

"பின்னே?"

"சிங்கத்தைப் பத்தி அவருக்கு ஒண்ணும் இல்ல."

"வேற எதைப் பத்தி?"

கீரையை ஆய்வதை அவர் நிறுத்தவில்லை. மந்திரிகளிடமும் கலெக்டர்களிடமும் குறுக்குக் கேள்வி கேட்டிருக்கிறேன். ஒரு முறை கொலைக் குற்றவாளியிடம் கேட்டிருக்கிறேன்.

"ஊரெல்லாம் கேள்வி கேட்ட ஆளுக்கு ஒரு கேள்வி கேக்க வராதோ?" என்றார்.

கேட்டேன். என்ன சொற்களில் கேட்டேன் என்பதை இங்கே எழுதவில்லை. மொத்தம் இரண்டு வாக்கியம். இரண்டாவது வாக்கியம் முடியவில்லை.

உள்ளே ஒரு தட்டு கீழே விழுந்தது.

சுகிர்தம் கீரைத் தண்டுகளைத் தனியே எடுத்துக் காகிதத்தில் மடித்தார். "நான் யோசிக்கணும்" என்றார். பிறகு, "மூணு மாசமாக் காத்திருந்தேன், நீங்க ரெண்டு நாள் காத்திருந்தாத் தப்பில்ல" என்றார்.

இதை வைத்து அவர் முடிவு இன்னதென்று சொல்ல முடியாது. சொல்லக் கூடாது. ஆனாலும் மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

சிங்கம் இறக்கப்பட்டது. நேரில் பார்த்தேன்.

காலையில் வெளியே வந்தபோது இசக்கிமுத்துவும் இரண்டு ஆட்களும் மாடியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். சுகிர்தம் தெருவில் நின்று வழியில் வருபவர்களைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் நின்ற இடத்துக்கு எதிர்ப்புறம் நின்று சைக்கிள்களை நிறுத்தினேன்.

பிடரி முதலில் வந்தது. பாதியிலேயே உதிர்ந்துவிட்டது. தாடை கீழே வந்தபோது உள்ளே துரு மட்டுமே இருந்தது. இசக்கிமுத்து சொன்னது சரி. எந்த மழையிலும் விழுந்திருக்கும். முகம் மட்டும் முழுசாக இறங்கியது. முற்றத்தில் வைத்தபோது என் முழங்கால் உயரம்தான் இருந்தது. அறுபது வருடம் அண்ணாந்து பார்த்ததில் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் பார்த்தால் அதற்குக் கோபமே இல்லை. கொட்டாவி விடுகிறது.

பதினொன்றரைக்குப் பேக்கரிக்காரர் காரில் வந்து இறங்கினார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார். "எங்கம்மா சிங்கம்?" என்றார்.

"கீழ இருக்கு. வேணும்னா தூக்கிட்டுப் போங்க" என்றார் சுகிர்தம்.

அவர் முற்றத்துக்குள் போய் அந்த முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, யாரிடமோ போனில் மலையாளமும் தமிழும் கலந்து பேசிவிட்டு, என் கையைக் குலுக்கி (ஏன் என்று தெரியவில்லை) காரில் ஏறிப் போனார்.

தெருவில் நாங்கள் இருவரும் நின்றோம். சிமென்ட் தூசி இரண்டு பேர் தலையிலும். என் தலையில் அது பொருத்தமாகவே இருந்திருக்கும்.

"சிங்கம் இல்லாட்ட அவருக்கு வீடு வேண்டாமாம்" என்றார். "உங்களுக்கு எப்படி?"

"எனக்கு வீடே வேண்டாம்."

"வீடு வேணும். நான் எங்க இருக்கதாம்?"

பேச்சியம்மாள் இரண்டு வாசல்களுக்கும் நடுவில், தெருவிலேயே உட்கார்ந்து, எங்கள் இருவருக்கும் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். "பீரங்கியையும் எறக்கிரலாமாம்மா?" என்று கேட்டார்.

"அது இருக்கட்டும். இனி அடுக்களையில நிக்கப் போறது யாருன்னு முடிவாகட்டும், அதுக்குப் பெறவு பாத்துக்கிடலாம்."

செப்டம்பர் 28, சனி

வெண்டைக்காய் நறுக்கப் பழகினேன். விரலில் சிறு காயம்.

அக்டோபர் 1, செவ்வாய்

நேற்றிரவு எஸ்தர் அக்காவுடன் சுகிர்தம் போனில் பேசினார். உரையாடலின் சாரத்தை இன்று காலை கேட்டில் நின்று எனக்குச் சொன்னார்.

வீட்டு விற்பனை கைவிடப்பட்டது. இதில் அக்காவுக்கு வருத்தம் இருந்தாலும் எதிர்ப்பு இல்லை. மற்ற விஷயத்தில் அக்கா முதலில், தானியேல் சிரஸ்தார் மகனா என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார். பிறகு, அப்பா இருந்தால் என்ன சொல்வார் என்று கேட்டிருக்கிறார். அப்பா இருந்தாலும் பேசியிருக்க மாட்டார் என்று இவர் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அக்கா சிரித்ததாகத் தெரிகிறது. என் ஓய்வூதியம், சர்க்கரை, இரத்த அழுத்தம், பெங்களூரில் இருக்கும் என் மகனின் சம்மதம் எல்லாவற்றையும் விசாரித்திருக்கிறார். மகனிடம் நான் ஞாயிறன்றே சொல்லிவிட்டேன். "பேச்சியக்கா போன வாரமே சொல்லிட்டாங்கப்பா" என்றான்.

எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்த பிறகு அக்கா கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறார்.

"நீங்க குறட்டை விடுவீங்களான்னு கேக்கா" என்றார் சுகிர்தம்.

எனக்குத் தெரியாது என்றேன். உண்மை அதுதான். இந்த விஷயத்தில் சம்பந்தப்பட்டவரின் வாக்குமூலம் செல்லாது. பதினொரு வருடமாக வீட்டில் வேறு சாட்சி இல்லை. பேச்சியம்மாள் வருவது விடிந்த பிறகு.

"இல்லன்னு சொல்லிரவா?"

"உறுதியாகாததைச் சொல்லக் கூடாது."

"இந்த வாய்தான் நல்ல செய்தின்னு சொல்லிச்சு" என்றார். ஆனால் முகத்தில் கோபம் இல்லை. இரண்டு கையாலும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போக அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை.

அக்கா இதை வேறு யாரையும் நம்பி விடுவதாக இல்லை. நேரில் வருகிறார். எதிர்வீட்டு மாடி அறையில் தெருப்பக்க ஜன்னலைத் திறந்து வைத்துப் படுப்பார். என் ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு தூங்க வேண்டும் என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை. ஏற்றுக்கொண்டேன்.

ஓசூர்ப் பேருந்து வியாழன் காலையில் வருகிறது. முடிவு வெள்ளி காலை காபிக்கு முன் எதிர்பார்க்கப்படுகிறது.